பதினேழாம் கேள்வி

அலுவலகத்தில் அவளுக்கு அட்சரம் அக்கா என்று பெயர். அவள் எதிரில் இல்லாதபோது வெறும் அட்சரம். வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை வாசித்து, சொல்கிற பதிலைக் குறித்துக்கொண்டு வருவது அவள் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதே ஆய்வு நிறுவனம். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பு தேயும். ஆள் தேய்ந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெயர் வந்த கதை கொஞ்சம் மானக்கேடானது. சேர்ந்த புதிதில், அச்சில் இருப்பதை அட்சரம் பிசகாமல் வாசிக்க வேண்டும், ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று பயிற்சியில் மூன்று நாள் தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னார்கள். இவள் முதல் வீட்டில் போய் உட்கார்ந்தாள், கேள்வியை வாசித்தாள், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து வாசித்துவிட்டாள்: "பதிலளிப்பவர் தயங்கினால் அவர் முகத்தைப் பார்க்காமல் சிறிது நேரம் காத்திருக்கவும்." அந்த வீட்டுக்காரர் பாவம், தயங்கலாமா கூடாதா என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார். கூட வந்த மேற்பார்வையாளர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடிவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

சிரித்தவர்கள் எல்லாம் போகப் போக அவளைத்தான் நம்பினார்கள். எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் மாமனார் முன்னால் மருமகள் வாயைத் திறக்க மாட்டாள், எத்தனை மணிக்குப் போனால் மாமனார் இருக்க மாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேள்வி மட்டும் அச்சில் உள்ளபடிதான். பதிலும் வாயில் வந்தபடிதான்.

இந்தத் தொழிலில் பெரிய பாவம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. வெயிலுக்குச் சோம்பி, மாடிப்படிக்குப் பயந்து, யார் வீட்டுக்கும் போகாமல் தானே பதிலை இட்டுக்கட்டி ஃபாரத்தை நிரப்புவது. பிடிபட்டால் அன்றோடு சரி. கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மற்ற நிறுவனங்களுக்கும் பெயர் போய்விடும். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்த வேலை கிடைக்காது. ஆறு வருஷம் முன்பு ஒருத்தி மாட்டினாள். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். அட்சரம் சொல்லவில்லை. "பொய் எழுதறவங்களுக்கு என்ன பாவம் வேண்டிக்கிடக்கு" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இந்த வருஷம் அதே பழி அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீடு தங்கினால் அதிசயம். குழந்தை இல்லை. இரண்டாவது மாடியில் இவள் கதவு. நேர் எதிர்க் கதவு நாத்தனார் வீடு, கணவருடைய அக்கா. புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது, தனி ஆள். இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். கூப்பிடுவது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கும். மற்றபடி இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஏழாம் பொருத்தம். இவள் துடைப்பத்தை எடுத்தால் அவளுக்குத் தும்மல் வரும், அவள் ரேடியோவைப் போட்டால் இவளுக்குத் தலைவலி வரும்.

இப்போது அந்த ஆய்வு. முதியவர்களையும் அக்கம்பக்கத்தையும் பற்றியது. நடத்துகிறவர் ஒரு பேராசிரியை. பெரிய படிப்பாளி, ஆனால் பந்தா கிடையாது. நகரம் பெருகப் பெருக அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது குறைந்துகொண்டே போகிறது என்பது அவர் கோட்பாடு. அதைப் பற்றித் தலையணை பருமனில் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். கேள்வித்தாளில் பதினேழாம் கேள்வி நேராக அந்தப் புத்தகத்திலிருந்துதான் இறங்கி வந்தது. "கடந்த ஏழு நாட்களில், உங்கள் வீட்டில் வசிக்காத யாராவது உங்களுக்கு உதவி செய்தார்களா? ஆம் எனில், யார், எத்தனை முறை?"

அட்சரம் போன முதல் பதினைந்து வீட்டிலும் ஒரே பதில். யாரும் இல்லை. பதினாறாவது வீடு, லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர். முப்பது வருஷம் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கியவருக்கு இப்போது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் இரண்டும் போய்விட்டது. அவரிடம் பதினேழாம் கேள்வியை வாசித்தாள். "யாரும் இல்லம்மா. நானாச்சு, என் காலாச்சு" என்றார். அவள் பேனாவை வைக்கப் போகும்போது கதவைத் தட்டாமல் ஒரு பெண் உள்ளே வந்தாள். அலமாரியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள், வாரம் முழுவதற்கும் பிரித்துப் போட்டாள், "நேத்து ராத்திரி மாத்திரை அப்படியே கெடக்கு, உங்களுக்கு என்னதான் நெனப்பு" என்று நாலு திட்டுத் திட்டினாள், அழுக்குத் துணியைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அட்சரத்துக்குக் கை ஓடவில்லை. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று எப்படி எழுதுவது? வாய் தானாகக் கேட்டுவிட்டது. "இப்ப வந்தாங்களே, அவங்க யாருங்க?"

"அதுவா? கீழ் வீட்டுப் பொண்ணு."

"அவங்க உங்களுக்கு உதவி பண்ணலையா?"

கிழவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அதைப் போய் உதவின்னு யாராவது சொல்லுவாங்களா? அது தெனமும் வருது."

இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக அவள் அச்சை மீறியது அதற்கு அடுத்த வீட்டில். பதினேழாம் கேள்வி வந்ததும் பேனாவை மூடிவிட்டு, "நேத்து காலைல எழுந்ததிலிருந்து படுக்கற வரைக்கும் என்ன நடந்துச்சு, சும்மா சொல்லுங்க" என்றாள். கொட்டினார்கள். மேல்வீட்டுக்காரர் பல்பு மாட்டியது, எதிர்வீட்டுப் பெண் வங்கிக்கு வரிசையில் நின்றது, கடைக்காரர் தானே பையைத் தூக்கி வந்தது. அறுபத்தொரு வீடு இப்படி. யார் செய்தது, எத்தனை முறை என்று கட்டம் கட்டமாக நிரப்பினாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்குக் குற்ற உணர்ச்சியே இல்லை. உள்ளதைத்தானே எழுதினோம் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

ஃபாரங்கள் எல்லாம் கணினியில் ஏறியதும் விஷயம் வெளியே வந்தது. இதே ஆய்வுக்குப் போன மற்ற ஆறு பேர் கொண்டுவந்ததில் நூற்றுக்கு எட்டு வீட்டில்தான் ஆம். இவளுடைய அந்த அறுபத்தொரு வீட்டில் ஐம்பத்தெட்டு. சரிபார்க்கிற பிரிவில் இருந்து அந்த வீடுகளில் இருபதுக்கு ஃபோன் போட்டு, பதினேழாம் கேள்வியை அச்சில் உள்ளபடி கேட்டார்கள். பதினெட்டு வீட்டில், யாரும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அட்சரம் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டாள் என்று மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். நீள மேசை. ஒரு பக்கம் பேராசிரியை, பக்கத்தில் இப்போதைய மேற்பார்வையாளர், இவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். நடுவில் அறுபத்தொரு ஃபாரம்.

"இதெல்லாம் நீங்க நேர்ல போய் எழுதினதா?" என்று கேட்டார் பேராசிரியை.

"ஆமா மேடம். ஒரு வீடு விடாம போனேன்."

"அப்புறம் ஏன் ஃபோன்ல இல்லங்கறாங்க?"

"நான் வேற மாதிரி கேட்டேன் மேடம்."

மேற்பார்வையாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "அக்கா, நீங்களா இப்படி? கேள்வியை மாத்த நாம யாரு?"

அவள் லிஃப்ட் ஆபரேட்டர் கதையைச் சொன்னாள். பேராசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு வெற்றுக் கேள்வித்தாளை எடுத்துப் பதினேழாம் கேள்வி இருந்த பக்கத்தைத் திருப்பி, அவளைப் பார்த்து வாசித்தார். "கடந்த ஏழு நாட்களில், உங்கள் வீட்டில் வசிக்காத யாராவது உங்களுக்கு உதவி செய்தார்களா?"

"எனக்கா மேடம்? இல்ல. அந்தப் பழக்கமே கிடையாது. என் வேலையை நானே பாத்துக்குவேன்."

"சரி. நேத்து எழுந்ததிலிருந்து சொல்லுங்க."

"ஆறு மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட் வாசல்ல இல்ல, பூனை வரும்னு அண்ணி எடுத்து உள்ள வச்சிருந்தாங்க. கெளம்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் கேஸ் சிலிண்டர் வர்ற நாளுன்னு ஞாபகம் வந்துச்சு. சரி, அண்ணி வாங்கி வச்சிருவாங்கன்னு பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் வந்தேன். மாடில காயப்போட்ட துணியெல்லாம் மடிச்சு நாற்காலி மேல இருந்துச்சு. அவங்க எப்பவும் சட்டைக் கையை உள்பக்கமா மடிப்பாங்க, கசங்கிப் போகும், எத்தனை தடவை சொன்னாலும்..."

அங்கே நின்றுவிட்டாள். மேற்பார்வையாளர் தன்னை அறியாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு" என்றார்.

"ஒரு நாளைக்கு மூணு. ஏழு நாளைக்கு ஒண்ணுமில்ல" என்றார் பேராசிரியை. அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவரும் இல்லை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கோட்பாடு புத்தக அலமாரியில் இருக்கிறது, கேள்வித்தாள் பாட்டுக்குத் தெருவில் அலைகிறது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உதவி குறைந்துவிட்டது என்று நம்புகிறவர் எழுதிய கேள்வி அது. போன இடமெல்லாம் உதவி குறைந்துவிட்டது என்றுதான் அதற்குப் பதில் வந்தது. பேராசிரியைக்கு அது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

"உங்க அண்ணி செய்யறதெல்லாம் தெரிஞ்சும் இல்லன்னு ஏன் சொன்னீங்க? வெட்கமா? அவங்களைப் பிடிக்காதா?"

"தெரியல மேடம். அது எனக்குத் தோணவே இல்ல."

பேராசிரியை ஃபாரங்களை அடுக்கினார். "நீங்க பொய் எழுதலன்னு எனக்குப் படுது. ஆனா எனக்குப் படறதை யார்கிட்டயும் காட்ட முடியாது. ஒரே வீட்ல ஒரு மாதிரி கேட்டா ஆமாம்கறாங்க, இன்னொரு மாதிரி கேட்டா இல்லங்கறாங்க. ஏன்னு காரணம் தெரிஞ்சா இந்த அறுபத்தொண்ணும் நிக்கும். தெரியலன்னா, நீங்க எடுத்துக்குடுத்து வாங்கின பதில்னு யாரு வேணாலும் சொல்லலாம். அப்ப என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. திங்கக்கிழமை வாங்க."

மேற்பார்வையாளர் கையை நீட்டினார். அவள் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது கை இரண்டு முறை கழுத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். வெட்கம் என்றால், மற்ற கேள்விகளில் இதைவிட வெட்கமானதையெல்லாம் சொல்லியிருக்கிறார்களே. மறதி என்றால், நேற்றைக் கேட்டதும் எப்படிக் கொட்டினார்கள்? நன்றி கெட்டவர்களா? அந்த லிஃப்ட் ஆபரேட்டரா? தன்னையே நினைத்துக்கொண்டாள். நன்றி கெட்டவள் நான்தான், இருபத்தைந்து வருஷத்தில் அண்ணிக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை என்று நெஞ்சை உறுத்தியது.

சனிக்கிழமை காலை நாத்தனார் பாலோடு உள்ளே வந்தபோது, அட்சரம் எழுந்து நின்றாள். "அண்ணி, நீங்க எனக்கு எவ்வளவோ உதவி பண்றீங்க. நான் ஒரு நாளும் சொன்னதில்ல. ரொம்ப நன்றி அண்ணி."

நாத்தனார் பாலை மேசையில் வைத்தாள். "என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நெஜமாத்தான் சொல்றேன். பால் எடுத்து வைக்கறீங்க, சிலிண்டர் வாங்கறீங்க, துணி மடிக்கறீங்க. இவ்வளவு உதவியை யாரு செய்வா?"

"ஓ. வரிசையா எழுதி வச்சிருக்கியா?"

"ஐயோ, அப்படி இல்ல அண்ணி."

"சரிம்மா. இனிமே ஏதாவது உதவி வேணும்னா கதவைத் தட்டிச் சொல்லு. முடிஞ்சா செய்யறேன்." அவள் முகம் இருந்த இருப்பை அட்சரம் அதுவரை பார்த்ததில்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், ஒரு சண்டையிலும் நாத்தனார் இவளை அம்மா போட்டுப் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூனை பால் பாக்கெட்டைக் கிழித்து வாசலெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மத்தியானம் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து பார்த்தால் மழை அடித்து ஓய்ந்திருந்தது. மாடிக்கு ஓடினாள். இவள் துணி சொட்டச் சொட்டக் கொடியில் தொங்கியது. அடுத்த கொடி காலி. அண்ணி தன் துணியை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. நல்ல வார்த்தை சொன்னது ஒரு குற்றமா என்று ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே கரித்துக்கொட்டினாள். இரண்டாவது புடவையைப் பிழியும்போது கை நின்றது. புரிந்துவிட்டது. காரணம் கையில் கிடைத்த சந்தோஷத்தைவிட, அதற்குக் கொடுத்த விலை என்ன என்று உறைத்ததுதான் அதிகம். மாடியிலேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அதே மேசை.

"காரணம் கெடச்சிருச்சு மேடம்" என்றாள். நடந்ததைச் சொன்னாள். பிறகு, வார்த்தைக்குத் தடவித் தடவிச் சொன்னாள். "உதவின்னு பேரு வச்சா, அவங்க வேற ஆளு, நாம வேற ஆளுன்னு ஆயிடுது மேடம். நன்றி சொல்லிட்டா அந்தக் கணக்கு அன்னைக்கே முடிஞ்சுபோகுது. அதை முடிக்க யாருக்கும் இஷ்டமில்ல. அதனாலதான் யாரும் உதவலன்னு சொல்றாங்க. அந்தக் கிழவர் பொய் சொல்லல. கீழ் வீட்டுப் பொண்ணை அவர் வெளி ஆளா நெனைக்கல, அவ்வளவுதான். கிட்டத்துல இருக்கறவங்க யாரோ, அவங்க பேருதான் நம்ம கேள்விக்கு வெளிய நிக்குது."

பேராசிரியை நெடுநேரம் எழுதினார். "அந்தக் கேள்வியை எழுதினது நான்" என்றார் கடைசியில். "இருபது வருஷமா அதையேதான் கேட்டுட்டு இருக்கேன்."

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "விதியை மீறினதுன்னு பதிவு பண்ணணும் மேடம். அந்த அறுபத்தொண்ணையும் மத்ததோட சேர்க்கவும் முடியாது."

"பண்ணுங்க. தனியா வையுங்க, மத்ததோட கலக்க வேண்டாம். ஆனா பொய்னு எழுதாதீங்க. அவங்க அட்டையைக் குடுங்க." பிறகு இவளிடம் திரும்பினார். "உங்க அண்ணிகிட்ட நான் ஒரு மணி நேரம் பேசலாமா? பேரு எங்கயும் வராது."

பேர் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் வேறு யாராவது இருந்தால் நாளைக்கே வாருங்கள் என்றிருப்பார்கள். அட்சரம் தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம் மேடம். நான் கேட்டதே போதும்."

அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் கதவைத் திறக்காமல் எதிர்க் கதவின் முன்னால் நின்றாள். தட்டுவதற்குக் கை போனது, கீழே இறக்கிக்கொண்டாள். தள்ளித் திறந்து, செருப்பை நடுவழியில் உதறிவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனாள். நாத்தனார் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள், திரும்பவில்லை. அட்சரம் அலமாரியைத் திறந்தாள், சர்க்கரை டப்பாவை எடுத்தாள், பக்கத்தில் இருந்த ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். கொஞ்சம் தரையிலும் சிந்தியது.

"கேட்டு எடுக்கற பழக்கமெல்லாம் கெடையாதா?" என்றாள் நாத்தனார்.

"உங்க வீட்ல எடுக்க எதுக்குக் கேக்கணும்? நேத்து மழை கொட்டுதே, என் துணி நனையறது கண்ணுக்குத் தெரியலையா? உங்களுதை மட்டும் அள்ளிட்டு வந்திருக்கீங்க."

"ஏன், நீ என்ன பண்ணிட்டு இருந்த? பட்டப்பகல்ல என்ன தூக்கம்?"

"தூங்கினா எழுப்ப மாட்டீங்களா? அவ்வளவு என்ன கொழுப்பு?"

"கொழுப்பு எனக்கா? அன்னைக்குக் கல்யாண வீட்ல மைக் பிடிச்ச மாதிரி நீ பேசினியே, அதுக்குப் பேரு என்ன?" நாத்தனாரின் குரல் உடைந்தது. "ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. நான் என்ன வேலைக்காரியா, பக்கத்து ஊர்க்காரியா, நன்றி சொல்லி அனுப்பறதுக்கு?"

அட்சரத்துக்கு மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். "சட்டைக் கையை உள்பக்கமா மடிக்காதீங்கன்னு நூறு தடவை சொல்லியாச்சு. அதைக் கேக்கறீங்களா?"

"நீ மடிக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பாத்திரத்தில் இருந்த டீயை இரண்டு தம்ளரில் ஊற்றி, ஒன்றை இவள் பக்கம் தள்ளினாள். சர்க்கரையைச் சிந்தியதற்கும், செருப்பைக் கண்ட இடத்தில் விட்டதற்கும், தம்பி இவளைக் கட்டியதற்கும் சேர்த்து அரை மணி நேரம் திட்டினாள். அட்சரம் டீ ஆறிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே முழுக்கக் குடித்தாள். தம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் வெளியே வந்து, தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.